இடக்கைப் பிரி

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மெட்ராஸுக்குப் போகிறவன் எதற்காகப் போனாலும் சரி, இரண்டு காலேஜையும் பார்க்காமல் திரும்ப மாட்டான். மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயர். மிருகக்காட்சி சாலைக்கு உயிர்க் காலேஜ். ஹைகோர்ட்டுக்குப் போனவனும் பெரியாஸ்பத்திரிக்குப் போனவனும் ஊருக்கு வந்து புலியைப் பற்றித்தான் பேசுவார்கள். வழக்கு என்ன ஆயிற்று, வயிற்றுவலி தீர்ந்ததா என்பதையெல்லாம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

குடியிருப்பு மனைச் சட்டம் வந்த மறுவருஷம், குத்தாலத்துக்கு அந்தாண்டை இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கூலிக்காரர்கள் ஒரு ஊர்வலத்துக்காக மெட்ராஸ் போனார்கள். சங்கத்துக்காரர் இளையபெருமாள் கூட்டிப்போனார். மற்றவர்கள் போனது பாதி ஊர்வலத்துக்கு, பாதி புலிக்கு. அம்சம் இரண்டுக்கும் போகவில்லை. புருஷனைத் தேடிப் போனாள்.

அவள் புருஷன் இராஜாங்கம் ஊரை விட்டு ஓடி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. கூலி நெல் கூடக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்த சமயம். மிராசுதார் பட்டாபிராமனின் காரியஸ்தர் ஆட்களோடு வந்து, "மனை ஐயருது, குடிசையப் பிரிச்சுக்கிட்டு நடையைக் கட்டு" என்று கூரையில் கை வைத்தார். இராஜாங்கத்துக்கு இடக்கைப் பழக்கம். அந்த இடக்கையில் மண்வெட்டி இருந்தது. காரியஸ்தருக்குத் தோள்பட்டை போயிற்று. போலீஸ் வருவதற்குள் இராஜாங்கம் கதிருக்குள் இறங்கி மறைந்துவிட்டான். பிறகு சங்கம் பேசிப் பேசி மற்றவர்கள் மேலிருந்த வழக்குகளெல்லாம் வாபஸாயின. இவன் வழக்கு மட்டும் அப்படியே நின்றது. ஊரில் கால் வைத்தால் ஜெயில்.

இப்போது சட்டம் வந்து, குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்றாகிவிட்டது. எந்த மனைக்காக ஓடினானோ அதற்குப் பட்டா வாங்க ஆள் இல்லை. விசாரணைக்கு வந்த தாசில்தார் கெட்டவர் இல்லை. ஆனாலும் சட்டப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்.

"உம் புருஷன் வந்து நிக்கணும்மா. செத்துட்டான்னா சொல்லு, உன் பேருக்கே எழுதிடறேன். இருக்கானா இல்லையான்னு தெரியாதவன் மனையை நான் என்னன்னு எழுதறது? ஐயர் வேற, ஓடிப்போனவனுக்கு மனை எதுக்குன்னு மனு கொடுத்திருக்காரு."

அடுத்த விசாரணைக்குள் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். குத்தாலம் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வைத்திருந்த மீரா உசேன், இராஜாங்கம் சாயலில் ஒருவனை சென்ட்ரல் பக்கம் வைக்கோல் வண்டியோடு பார்த்ததாக ஒருமுறை சொல்லியிருந்தார். அம்சத்திடம் இருந்த துப்பு அவ்வளவுதான். மெட்ராஸ் எவ்வளவு பெரியது என்று தெரிந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டாள்.

ஊர்வலம் முடிந்தது. சென்ட்ரலைச் சுற்றி அம்சம் தேடிய தேடலில் கால் வீங்கியதுதான் மிச்சம். ராத்திரி ரயிலுக்கு முன்னால் எல்லோரும் உயிர்க் காலேஜுக்குள் நுழைந்தார்கள். அவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் காலத்தில் அது சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே, மூர் மார்க்கெட்டை ஒட்டி இருந்தது. சிங்கம் கர்ஜிப்பதும் ரயில் ஊதுவதும் சேர்ந்து கேட்கும். இளையபெருமாள் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டு வந்தார். மியூசியத்தில் எந்நாளும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார டாக்டர், உயிரோடு ஒரு புலியைக் கொண்டுவந்து கட்டினாராம். கூட்டம் நெரிந்ததாம். நவாபிடம் இருந்த மிருகங்களையும் கேட்டு வாங்கினாராம். உயிர்க் காலேஜ் பிறந்தது அப்படித்தானாம். "பாத்தீங்களா, செத்ததுக்கு மவுசு கிடையாது" என்றார். கூட்டத்தில் கூடுதல் வாய் காத்தாயிக்கு. ஒட்டகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்த மேட்டு மேல நுகத்தடி எப்படிங்க நிக்கும்? இத என்னத்துல கட்டி உழுவாங்க?"

கூண்டில் இருப்பது எதுவானாலும் உழவுக்கு ஆகுமா, பால் கறக்குமா என்று பார்ப்பதுதான் எங்கள் ஊர்க் கண். கரடியைப் பார்த்து, சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிறார்களே என்று காத்தாயிக்கு மனசு ஆறவில்லை.

யானைக் கொட்டகையில்தான் அம்சம் நின்றுவிட்டாள். யானையை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளைப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் வைக்கோலை வைக்கோலாலேயே திரித்த பிரியால்தான் கட்டுவோம். சோற்றுக்கைக்காரன் திரித்தால் முறுக்கு ஒரு பக்கம் ஓடும். இடக்கைக்காரன் திரித்தால் எதிர்ப்பக்கம் ஓடும். கட்டு தூக்குகிறவர்களுக்கு அது உள்ளங்கையில் தெரிந்துவிடும். களத்தில் இராஜாங்கத்தின் கட்டு வந்தால் "இடக்கையன் கட்டு" என்று பெண்கள் சிரிப்பார்கள். இங்கே இருந்த கட்டுகள் எல்லாமே இடக்கைப் பிரி.

மற்றவர்கள் முதலையைப் பார்க்கப் போனார்கள். அவள் அந்தக் கட்டுகளின் மேல் கை வைத்தபடி நின்றாள். காக்கி நிஜாரும் சட்டையுமாக ஒருவன் தண்ணீர் வாளியோடு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"எங்கய்யா போயிட்ட?" என்றாள். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இராஜாங்கம் அவளைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போனான். வைக்கோல் இறக்கும் கூலியாக வந்தவனாம். வேலைக்கு எடுக்கும்போது பேர் கேட்டார்களாம். போலீஸ் பயத்தில் தாத்தா பேரைச் சொன்னானாம். சாமிதுரை. இப்போது வேலை நிரந்தரம்.

"இங்க யாரும் என்னை வாடா போடாங்கறதில்ல அம்சம். சூப்பரவைசர்கூட சாமிதுரைன்னுதான் கூப்பிடறாரு" என்றான். பிறகு பேச்சு தெரியாமல், தெரிந்ததைப் பேசினான். புலிக்கு வாரத்தில் ஒரு நாள் கறி கிடையாது. பட்டினி போட்டால்தான் வயிறு நன்றாக இருக்குமாம். மலைப்பாம்பு ஒருமுறை விழுங்கினால் வாரக்கணக்கில் வாயைத் திறக்காது. யானைக்குத் தூக்கம் கொஞ்சம்தான்.

"பட்டினி கிடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னா நம்ம தெருதான் முந்திக்கும்" என்றாள் அம்சம். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் மனை விஷயத்தைச் சொன்னாள்.

யானை வைக்கோலை உதறித் தின்றுகொண்டிருந்தது.

"நான் வந்தா உள்ள போட்டுடுவான். நீ இங்க வந்துட்டா மனை ஐயருக்குப் போயிடும். அதுக்கா நான் ஓடினேன்?"

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?"

"நான் செத்துட்டேன்னு சொல்லிடு."

அம்சம் அவனை அடித்தாள். உண்மையாகவே, முதுகிலும் தோளிலும், வளையல் உடையும் வரை அடித்தாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, இதைக் கழற்றச் சொல்கிறாயா என்று கேட்டாள். அவன் வாங்கிக்கொண்டு நின்றான். கடைசியில் அவள்தான் தரையில் உட்கார்ந்தாள். அப்போது கொட்டகை மூலையில் காத்தாயி வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. யாரோ ஒரு வேலைக்காரனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சுடி" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த விசாரணையில் அம்சம் வெறும் கழுத்தோடு வந்து நின்றாள். ஓடிய அன்றைக்கே ஆற்று வெள்ளத்தில் குதித்தார், நான் பார்த்தேன், கேஸுக்குப் பயந்து சொல்லவில்லை என்றாள். பட்டாபிராமன் தரப்பில் வந்த ஆள், இதை நம்ப முடியாது என்றார். உடனே காத்தாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் பாத்தேன் சாமி. தலை ஒரு தடவைதான் மேல வந்துச்சு. பொணம் பூம்புகார் கடலுக்குப் போயிருக்கும்."

நடக்காத ஒன்றைக் காத்தாயி எப்படிப் பார்த்தாள் என்று அம்சத்துக்குத் திகைப்பாக இருந்தது. ஊரில் எது நடந்தாலும் நானும் பார்த்தேன் என்பவள்தானே என்று விட்டுவிட்டாள். தாசில்தார் அம்சத்தின் கழுத்தைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். பட்டா அவள் பெயருக்கு வந்தது. குடிசை இருந்த இடத்தில் பிறகு ஒரு ஓட்டு வீடும், அதற்கு ஒரு கதவும் வந்தன. பட்டாபிராமன் வீட்டுப் பிள்ளைகள் பேங்க் வேலைக்கும் வாத்தியார் வேலைக்கும் போய், அவர்களும் மெட்ராஸிலேயே தங்கிவிட்டார்கள்.

நடவும் அறுப்பும் இல்லாத நாட்களில் அம்சம் மெட்ராஸுக்கு ரயில் ஏறுவாள். தூரத்துச் சொந்தம் ஒருவர் இருக்கிறார், உடம்பு சுகமில்லை என்பாள். அந்தச் சொந்தக்காரருக்கு வருஷக்கணக்காக உடம்பு தேறவே இல்லை. போகும்போது இடுப்பு முடிச்சில் மஞ்சள் கயிறு இருக்கும். உயிர்க் காலேஜுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் அதைக் கட்டிக்கொள்வாள். வெளியே வரும்போது அவிழ்த்து முடிந்துகொள்வாள். கூண்டுக்குள் இருப்பதெல்லாம் உள்ளே அடைபட்டிருக்க, அவள் மட்டும் அந்த மதிலுக்குள் போய்த்தான் பெண்டாட்டியாக இருந்தாள். எனக்கு இதில் ரோசம் வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மிருகங்களை வண்டலூர்க் காட்டுக்கு மாற்றியபோது யானையோடு அவனும் போனான். அங்கே யானைக்கு இடம் தாராளம், அம்சத்துக்கு நடை அதிகம். ஊருக்கு வந்தால் அந்தக் கயிறு விதைநெல் பானைக்குள் கிடக்கும்.

ஒரு தை மாசம் வண்டலூரிலிருந்து தந்தி வந்தது. அவள் நெல் தூற்றிக்கொண்டிருந்தாள். தபால்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்துச் சொன்னார். சாமிதுரை நெஞ்சு வலியால் காலமானார், உடனே வரவும். "யாரும்மா இது?" என்றார்.

"தூரத்துச் சொந்தம்."

அவர் போனபின் அம்சம் முறத்தை எடுத்து மறுபடி தூற்றினாள். அழுதால் தெரு கேட்கும். புருஷன் செத்து இத்தனை வருஷமான பெண், தூரத்துச் சொந்தத்துக்கு எவ்வளவுதான் அழலாம்? நெல்லும் பதரும் ஒன்றாக விழுந்தன. அவள் கவனிக்கவில்லை.

காத்தாயிதான் முதலில் வந்தாள், தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு. அவளுக்குப் பின்னால் அன்றைக்கு உயிர்க் காலேஜுக்குப் போன பெண்கள் எல்லோரும் வந்தார்கள். முறத்தை வாங்கி வைத்துவிட்டு அம்சத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"என்னக்கா?" என்றாள் அம்சம்.

"சாமிதுரைக்கு அழ வந்தோம்."

"அவரு உங்களுக்கு யாருக்கா?"

"ஏண்டி, யானைக்குக் கட்டியிருந்த பிரியை நீ ஒருத்திதான் பாத்தியா? நாங்களும் அறுப்பறுக்கிறவளுங்கதானே" என்றாள் காத்தாயி. "அந்தக் கயித்த எங்க வச்சிருக்க? கொண்டா, இந்தத் தடவ முறையா எடுத்துடுவோம்."

அம்சம் உள்ளே போய் விதைநெல் பானைக்குள் கையை விட்டாள். யாரோ எழுந்து கதவைச் சாத்தினார்கள். அதற்குப் பிறகுதான், அந்த மனையில், இராஜாங்கத்தின் பெயரைச் சொல்லி அழுதார்கள்.