விறாந்தையில் மாட்டிய கைகள்

ஆமைக்குடாவில் முதன்முதல் கைகளை இழந்தவள் உம்மு ஸல்மா. அரசாங்க மானியத்தின் முதற்பொதியை இரண்டு கைகளாலும் வாங்கி, படம் எடுத்து முடிந்து, வீட்டுக்கு வந்து கதவுக் கொண்டியைத் தூக்கப் போனபோது மணிக்கட்டுக்குக் கீழே அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. நோவில்லை, இரத்தமில்லை, பொதி மட்டும் முழங்கை மடிப்பில் பத்திரமாகத் தொங்கியது. பொழுதுபடுவதற்குள் அன்று படத்துக்கு இருந்த எல்லா வீடுகளிலும் அதுவே நடந்திருந்தது. அதே கிழமைதான் தேங்காயும் விலை ஏறியது. ஊர் இரண்டையும் ஒரே மூச்சில் கதைத்தது.

தலைமன்னார் றோட்டிலிருந்து கடற்பக்கம் இறங்கினால் வருகிற சின்ன ஊர் அது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த வருஷத்தில்தான் யசிந்தா அங்கே சட்டியை அடுப்பில் ஏற்றினாள். மாதா கோயில் பெருநாளுக்குச் சமைத்துப் பழகியவள். வெறுமையாய்க் கிடந்த வலைக்கொட்டில் ஒன்றைக் கூட்டித் துப்புரவாக்கி, மூன்று கல்லை வைத்து, கிடைத்ததைப் போட்டாள். சோறு, மீன், பருப்பு என்றபடியால் வேதக்காரரும் முஸ்லிம்களும் ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். அந்தக் கரையில் கரைவலை இழுக்கும்போது ஒரு வழக்கம் உண்டு: கயிற்றில் கை வைத்தவருக்குப் பங்கு. உழவு இயந்திரம் வலையை இழுக்கத் தொடங்கிய பிறகும் ஏலாதவர்கள் வந்து கயிற்றின் வாலில் கையை வைப்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் ஒன்றும் கேட்காமல் ஒரு பிடி மீனை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். யசிந்தா அந்த வழக்கத்தையே அடுப்படிக்குக் கொண்டுவந்தாள். தேங்காய் துருவியவர், விறகு தள்ளியவர், ஒரு மிளகாயின் காம்பை முறித்தவர், எல்லோரும் பங்குகாரர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்துக்கிடந்த றசாக் காக்காவின் வீட்டுக்குக் காலையில் ஒரு பை வெங்காயம் போகும். அவர் படுத்தபடியே உரித்துக் கொடுத்துவிட, மத்தியானம் அவருக்குச் சோறு போகும். சும்மா கொடுக்கிற சோறு என்று அந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள்.

அரிசி தந்துகொண்டிருந்த கடைக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்ட காலத்தில், பசித்த குடும்பங்களுக்குச் சமைத்துப்போடும் சங்கங்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கப்போகிறது என்ற செய்தியோடு நிறோஜன் மோட்டார் சைக்கிளில் வந்தான். மன்னாரில் அரசாங்கக் கந்தோர் உத்தியோகத்தன், நல்ல பெடியன், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கொட்டிலுக்குள் கால் வைத்தான். உள்ளே இருந்த சனத்தைப் பார்த்ததும் அவனுக்குக் குழம்பிப்போயிற்று.

“இதில ஆர் அக்கா பயனாளி?”

“எல்லாரும்தான் சாப்பிடுறது” என்றாள் யசிந்தா.

“அப்ப ஆர் சமைக்கிறது?”

“எல்லாரும்தான்.”

“அப்பிடிச் செய்யேலாது அக்கா. வேலை செய்யிறவை பயனாளியா இருக்கேலாது. பயனாளி எண்டா சும்மா இருந்து கையை நீட்டி வாங்கவேணும். படத்தில கை தெரியவேணும். ரெண்டு கையும்.”

தேங்காய் திருவலையில் இருந்தபடி உம்மு ஸல்மா, “கைதான் வேணுமெண்டா கையை அனுப்பிவிடுறன் தம்பி, எனக்கு வீட்டில வேலை கிடக்கு” என்றாள். கொட்டில் முழுக்கச் சிரித்தது. நிறோஜனும் சிரித்தான்.

யசிந்தா சிரிக்கவில்லை. அரிசிப் பீப்பாவின் அடியை அவள் அன்று காலைதான் சுரண்டியிருந்தாள். ஒரு நாள்தானே, ஒரு படம்தானே என்று எல்லோரையும் அடுப்படியிலிருந்து எழுப்பி, கோயிலில் இரவல் வாங்கிய கதிரைகளில் இருத்தினாள். “ஒருத்தரும் ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ” என்று சொன்னதும் அவள்தான்.

கைகள் போன பிறகு ஃபாதர் பூசையில் மன்றாடினார், பள்ளிவாசலில் துஆ ஓதினார்கள், பெரியாஸ்பத்திரியில் விற்றமின் எழுதிக் கொடுத்தார்கள். மூடை மூடையாக அரிசி வந்தது. நல்ல அரிசி, கல்லில்லை. அடுத்த தவணைக்குப் புதுப்படம் கேட்டார்கள். கையில்லாதவர்களின் படத்தைக் கந்தோர் ஏற்கவில்லை, பொதி வாங்கியதற்கு அத்தாட்சி இல்லையாம். வேறு குடும்பங்கள் இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். யசிந்தா கூட்டிக்கொண்டு போனாள். தெரிந்தே கூட்டிக்கொண்டு போனாள். கையை வைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறீர்களா, கையில்லாமல் சாப்பிடுகிறீர்களா என்று வீடு வீடாகக் கேட்டாள். பிள்ளைகள் உள்ள வீடுகளில் ஒருவரும் யோசிக்கவில்லை. றசாக் காக்கா படுக்கையிலிருந்தே இரண்டு கையையும் நீட்டினார். வருஷம் முடியும்போது ஆமைக்குடாவில் மிச்சமிருந்தவை யசிந்தாவின் கைகள் மட்டுமே. அவளே வெட்டி, அவளே துழாவி, அவளே ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். கடைசி வாய்க்குப் போகும்போது சோறு ஆறிப் பின்னேரமாகிவிடும்.

“வயிறு நிரம்புது அக்கா. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்லை” என்றாள் உம்மு ஸல்மா ஒருநாள், கவளத்தை விழுங்கிவிட்டு. “கயித்தைத் தொடாமல் மீன் வாங்கின ஆளாப் போனன்.” யசிந்தா அடுத்த கவளத்தை உருட்டினாள்.

கடைசித் தவணைக்கு ஒரு சோடிக் கை குறைகிறது என்று கந்தோரிலிருந்து செய்தி வந்தது. தன் கையையும் கொடுத்தால் அரிசி வரும், வேகவைக்க ஆளிருக்காது. யசிந்தா பஸ் ஏறி மன்னார் ரவுனுக்குப் போனாள். சந்தையில் சட்டிக்கு வெங்காயம் வாங்கிக்கொண்டு கந்தோருக்கு நடந்தாள். ஊர்ச்சனம் பொதி வாங்கிய படங்களுக்குக் கண்ணாடி போட்டு விறாந்தைச் சுவர் நெடுகிலும் மாட்டியிருந்தார்கள். முகங்கள் வெளிறிப்போயிருந்தன, கைகள் செழிப்பாக இருந்தன. நகம் வளர்ந்து கண்ணாடியைக் கீறுவதால் கந்தோர் கூட்டுகிற பெண் அவ்வப்போது சட்டத்தைத் திறந்து வெட்டிவிடுவாளாம்.

“நான் இதுகளைக் கொண்டுபோறன் தம்பி” என்றாள் யசிந்தா.

“ஐயோ அக்கா, இது இப்ப அரசாங்கச் சொத்து. கணக்காய்வு முடியட்டும்” என்றான் நிறோஜன்.

“எப்ப முடியும்?”

“அது இன்னும் தொடங்கேல்லை அக்கா.”

அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான். அவளுக்குத் தேத்தண்ணி எடுத்து வர உள்ளே போனான். யசிந்தா உம்மு ஸல்மாவின் படத்துக்குக் கீழே, சுவரோரம் கிடந்த வாங்கில் குந்தினாள். மருதோன்றிக் கறை மாறாத அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டேயிருந்தவள், றசாக் காக்கா வீட்டுக்கு அனுப்புகிற பழக்கத்தில், பையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, சட்டத்தைத் திறந்து நீட்டினாள். படத்திலிருந்த கை பொதியைக் கீழே வைத்தது. வெங்காயத்தை வாங்கியது. ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு உரிக்கத் தொடங்கியது. பக்கத்துப் படங்களிலும் கைகள் நீண்டன. தேத்தண்ணியோடு நிறோஜன் திரும்பி வந்தபோது விறாந்தை முழுக்கத் தோல்.

அன்றிலிருந்து விடியற்பஸ்ஸில் ஒரு பை வெங்காயம் ரவுனுக்குப் போகிறது, உரித்த வெங்காயம் அடுத்த பஸ்ஸில் திரும்பி வருகிறது. கொண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்பதில்லை. கூட்டுகிற பெண் சில நாட்கள் ஏசினாள், பிறகு தோலுக்கென்று பெரிய ஓலைக் கடகம் ஒன்றை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். கந்தோர் இதையும் படம் எடுத்தது; சுயதொழிலில் ஈடுபடும் பயனாளிகள் என்று வருடாந்த அறிக்கையில் போட்டது. தொழில் உள்ளவர்களுக்கு மானியம் இல்லை என்பதால் அடுத்த வருஷம் அரிசி நின்றது. யசிந்தாவின் கைகளை அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மற்றவர்களின் கைகளைத் திருப்பித் தரவும் இல்லை.

சட்டி சிறிதாயிற்று. ஆமைக்குடாச் சனம் கரைவலைக் கயிற்றை இடுப்பில் சுற்றி நின்று மீன் கொண்டுவருகிறது. மத்தியானம் கொட்டிலில் யசிந்தா ஊட்டுகிறாள். “நான் உரிச்சுத் தந்த வெங்காயத்தைக் கருக விட்டிட்டாய் அக்கா” என்று உம்மு ஸல்மா வாயில் சோற்றோடு குறை சொல்கிறாள். யசிந்தா அடுத்த கவளத்தை உருட்டுகிறாள்.

வெளியூரிலிருந்து யாராவது காலையில், கந்தோர் திறந்து கொஞ்ச நேரத்தில், அந்த ஊருக்குள் வந்தால் ஒரு காரியம் காண்பார்கள். வாசலில், கிணற்றடியில், கடற்கரையில் நிற்கிற பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் கண்ணால் நீர் ஓடும்; துடைக்கக் கையில்லாமல் தோளில் முகத்தைத் தேய்ப்பார்கள். என்ன, செத்தவீடா என்று வந்தவர்கள் பதறுவார்கள்.

“இல்லை, வெங்காயம்” என்பாள் யசிந்தா.