ஊசிக்கு முன் கேட்ட கேள்வி

1

இந்தக் கதை எனக்குத் திருச்சுழி பஸ்ஸில் கிடைத்தது. முன்சீட்டுக்காரர் போனில் யாரிடமோ, “ஆபரேஷன் பண்ணுனதச் சொல்லிறாத, ஊசி போட மாட்டாக!” என்று கத்திக்கொண்டிருந்தார். மீதிக் கதையை எடுத்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார். ஆகவே கீழே வருவதெல்லாம் என் சரக்கு.

2

முதல் தொடக்கம்: “வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில்...”

(வேண்டாம். பக்கவாதம் வந்தவருக்கு வானிலை எதற்கு?)

இரண்டாவது: அருப்புக்கோட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் அப்பய்யாவின் கையிலிருந்து காப்பி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. மனைவி யுவராணி பதறாமல் ஆட்டோ பிடித்து... பதறாமலா? யார் நம்புவார்கள்? பதறியபடியே பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. கரைக்க ஊசி உண்டு. போட்டால் கையும் பேச்சும் திரும்பலாம்.

டாக்டர் ஓர் இளம்பெண். “இந்த ஊசி போட்டா ஆறாத காயத்துல ரத்தம் லேசுல நிக்காது. சமீபத்துல இவருக்கு ஆபரேஷன் ஏதாச்சும் நடந்துச்சாம்மா?”

நடந்திருந்தது. போன வாரம், குடலிறக்கத்துக்கு. தெருவே ஹார்லிக்ஸோடு விசாரிக்க வந்துவிடும் என்று, அவர் சேலத்துக்கு நூல் வாங்கப் போயிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார்கள்.

3

யுவராணி வாயைத் திறக்குமுன் கொழுந்தன் சக்திகுமார் அவளை ஓரமாக இழுத்துப்போனான். (இவர்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்குத் தெரியாது என்பதால் தமிழில் பேச ஒப்புக்கொண்டார்கள்.)

“மதினி, இது லோனுக்குக் கேக்குற மாதிரிதான். ‘வேற லோனு இருக்கா’ன்னா இல்லைன்னுதான சொல்றோம்? இருக்குன்னா தள்ளி விட்ருவாக.”

“ஏப்பா, தையலே இன்னும் பிரிக்கல. அதுல ரத்தம் பீறிட்டு வந்தா?”

“அண்ணனுக்குக் கை வராமப் போனா? தறிய நீங்களா ஓட்டுவீக?”

“இப்பவும் நாந்தான ஓட்டுறேன்? ஒங்கண்ணன் மேப்பார்வை.”

[சக்திகுமாரை வில்லனாக்கப் பார்த்தேன். இந்த இடத்தில் அழுதுவிட்டான். விட்டுவிட்டேன்.]

4

யுவராணி டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

“நல்ல வேளை சொன்னீங்க. ஆபரேஷன்னா ஊசியே கெடையாதுன்னு இல்லம்மா. எங்க அறுத்தது, என்ன செஞ்சாங்கன்னு தெரியணும்.”

தையல் போட்ட டாக்டரிடம் போனில் பேசிவிட்டு வந்தார்.

“காயம் மேலாப்புலதான் இருக்கு. ரத்தம் வந்தா அழுத்தி நிறுத்தப் பாக்கலாம். சில பேருக்கு மூளைக்குள்ளயே கசியும். அது ஆபத்து, ஆனா அப்படி ஆகுறது குறைவு. போடலேன்னா இந்தக் கை திரும்புறது கஷ்டம். போடலாம்ங்கிறது எங்க முடிவு. நீங்க சம்மதிக்கணும்.”

5

முடிவு அ: விரல் அசைந்தது. (சினிமா.)

முடிவு ஆ: தையலில் இருந்து... (எழுத மனம் வரவில்லை.)

டாக்டருக்கே தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினால் எனக்கும் சக்திகுமாருக்கும் என்ன வித்தியாசம்?

யுவராணி இப்போது உங்களைப் பார்க்கிறாள். ‘ஆற அமர யோசித்துச் சொல்லுங்கள்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். நான் பாதியில் விட்ட வாக்கியம் எத்தனை நாள் வேண்டுமானாலும் அப்படியே கிடக்கும். அப்பய்யாவின் மூளை கிடக்காது.

போடச் சொல்லட்டுமா?