புல்லுக்கட்டும் ஒண்ணரை நொடியும்

டிராக்டரைக் குடுத்து மெஷின் கன் வாங்கின மனுஷனை நீங்க பாத்திருக்கீங்களா? பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வாங்க. கென்டக்கி மலைக்குள்ள, ஓடையைத் தாண்டினதும் ரெண்டாவது வீடு. வாசல்ல காலை ஆட்டிக்கிட்டு, உலகத்தையே ஜெயிச்சவர் மாதிரி ஒருத்தர் உக்காந்திருப்பார். அவர்தான் ஹோபர்ட், எங்க வீட்டுக்காரர்.

குடுத்தது யார்கிட்டங்கறீங்க? என் கூடப் பொறந்த அண்ணன் எஸ்டில்கிட்ட. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் அவன் வீடு. அவன் டிராக்டர் உயிரை விட்டுடுச்சு, அதனால எங்க டிராக்டர் மேல அவனுக்கு ஒரு கண்ணு. இந்த மனுஷனுக்கோ அவன் வெச்சிருந்த சப்மெஷின் கன் மேல ரெண்டு கண்ணும். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ரெண்டு பேரும் கை குலுக்கிட்டு வந்துட்டாங்க. கொட்டகையில டிராக்டர் நின்ன எடம் காலியா கெடந்ததைப் பாத்துத்தான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது.

வயிறு எரிஞ்சுது எனக்கு. ஏன்னா மாடுங்க என்னோடது. ஒவ்வொண்ணையும் கன்னுக்குட்டியில இருந்து புட்டிப்பால் குடுத்து வளத்தவ நான். பனிக்காலம் பூரா அதுங்களுக்குத் தீனி வேணும். ஜூன்ல புல்லை அறுத்து, காயவெச்சு, கட்டா கட்டி, மழை வர்றதுக்குள்ள கொட்டகையில ஏத்தினாத்தான் உண்டு. இல்லேன்னா பனி விழறதுக்கு முன்னாடி அத்தனையையும் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான். டிராக்டர் இல்லாம எதை அறுக்க, எதைக் கட்ட?

"யோவ், டிராக்டர் எங்கய்யா?"

"கத்தாதேடி. அதைவிட உபயோகமான பொருள் ஒண்ணு வாங்கியிருக்கேன்."

என்ன பொருள்னு சொன்னார். நான் அப்படியே படியில உக்காந்துட்டேன்.

"அதை வெச்சு என்னய்யா பண்ணப் போறே? மாட்டுக் கழுத்துல மணிக்குப் பதிலா கட்டவா?"

"பீன்ஸைப் பெருச்சாளி திங்குதுன்னு நீதானே பொலம்பினே? அப்புறம், திருடன் கிருடன் வந்தா? அதுவும் இல்லாம, எண்பத்தாறுல ஒரு சட்டம் வந்துச்சு, அதுக்கு அப்புறம் செஞ்ச மெஷின் கன்னை நம்மள மாதிரி ஜனங்க வாங்கவே முடியாது. பழசு மட்டும்தான் கைமாறும். வெலை ஏறுமே தவிர எறங்காது. தங்கம் மாதிரிடி இது."

"தங்கம்னா கழுத்துலயாவது போட்டுக்கலாம்."

சரி, வாங்கினாரே, வீட்டுக்காவது வந்துச்சா? அதுவும் இல்லை. கவர்ன்மென்ட்டுக்கு மனு எழுதணும், போட்டோ ஒட்டணும், பத்து விரலையும் மையில முக்கி உருட்டணும். அங்கேயிருந்து சரின்னு ஸ்டாம்ப் அடிச்சு வர்ற வரைக்கும் துப்பாக்கி வித்தவன் வீட்டுலதான் இருக்கணும். டிராக்டருக்கு அந்த மாதிரி எந்த ஸ்டாம்பும் வேண்டாம் பாருங்க, அது அன்னிக்கே ஜம்முனு ஓடையைத் தாண்டிப் போயிடுச்சு. பனிக்காலம் பூரா சனிக்கிழமை ஆனா இந்த மனுஷன் தலையைத் தண்ணி தொட்டு வாரிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பிடுவார். அவன் அதை எடுத்து மேஜை மேல வெப்பான். இவர் தொட்டுப் பாப்பார், துடைப்பார், பெருமூச்சு விடுவார், திரும்பி வருவார். என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு வந்தப்பக்கூட இப்படித் தலை வாரிக்கிட்டு வந்ததில்லை.

மே மாசம் ஸ்டாம்ப் வந்துச்சு, துப்பாக்கியும் வந்துச்சு. வந்ததும் மொத வேலையா இரும்பு பீரோவோட பூட்டு நம்பரை மாத்தினார்.

"எதுக்குங்க மாத்தினீங்க?"

"துப்பாக்கி என் ஒருத்தன் பேர்ல இருக்கு. நான் இல்லாதப்போ நீ அதைத் தொறந்தா சட்டப்படி குத்தம். உன்னை ஜெயில்ல போட்டுடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த பீரோவுலதான் என் கல்யாண மோதிரமும் இருக்கு. மாட்டு வேலை பாக்கறப்போ கழட்டி வெப்பேன். இப்போ சர்ச்சுக்குப் போகணும், மோதிரம் வேணும்னா நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி நிக்கணும். இவர் முதுகால மறைச்சுக்கிட்டு நம்பர் திருகுவார், ஏ.டி.எம்.ல நிக்கற மாதிரி. பாதி நாள் அவருக்கே நம்பர் மறந்து போயிடும். மோதிரம் இல்லாமலே கர்த்தர் முன்னாடி போய் நின்னிருக்கேன்.

பெருச்சாளியை ஒரு கை பாக்கறேன்னு ஒரு நாள் காலையில கெளம்பினார். தோட்டா நிரப்புற வேலை என் தலையில.

"உன் விரல் சின்னது வெர்னா, சுளுவா உள்ள போகும்"னார்.

சுளுவாவா? நீளமா ஒரு பெட்டி, அதுக்குள்ள முப்பது தோட்டா, அடியில ஒரு ஸ்பிரிங். நாம ஒண்ணை அமுக்கினா அது நம்ம கட்டை விரலைத் திருப்பி அமுக்கும். ஒரு பெட்டி நிரப்புறதுக்குள்ள விரல் பன்னு மாதிரி வீங்கிடுச்சு. இவர் வேலிக்குப் பின்னாடி படுத்தார். பெருச்சாளி பீன்ஸ் நடுவுல உக்காந்து நிதானமா மென்னுக்கிட்டிருந்துச்சு. சர்ர்ர்ருனு ஒரு சத்தம். அவ்வளவுதான், தீந்து போச்சு! நான் அடுப்பை விட்டுட்டு உக்காந்து நிரப்பினது ஒண்ணரை நொடியில காலி. புகை அடங்கினப்புறம் பாத்தா ஒரு வரிசை பீன்ஸ் கொடி மண்ணோட மண்ணா கெடக்கு, மாட்டுத் தண்ணித் தொட்டி நாலு எடத்துல ஒழுகுது. பெருச்சாளி வாயில ஒரு பீன்ஸைக் கவ்விக்கிட்டு, அவசரமே இல்லாம வளைக்குள்ள போச்சு.

"அது பாதி பீன்ஸைத்தான் தின்னுச்சு. மிச்சத்தை நீங்க முடிச்சிட்டீங்க"ன்னேன்.

"துப்பாக்கி வாய் மேல தூக்குதுடி. பழகணும்."

"பழகுங்க. திருடன் வந்தாலும், 'கொஞ்சம் உக்காருப்பா, நம்பர் ஞாபகம் வரல, எம்பொண்டாட்டி இன்னும் நிரப்பிக்கிட்டிருக்கா'ன்னு சொல்லி ஒரு டீ குடுத்து வைங்க."

மனுஷன் அன்னிக்கு ராத்திரி என்கூடப் பேசலை. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்.

ஜூன் வந்துச்சு. புல்லு இடுப்பு ஒசரம் நிக்குது. சனிக்கிழமை சாயங்காலம் பெருமழைன்னு ரேடியோவுல சொல்லிட்டான். எனக்குச் சோறு எறங்கலை. நேரா அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவன் என்னடான்னா துப்பாக்கி இருந்த மேஜையை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்.

"அண்ணே, டிராக்டர் குடு. மூணு நாள் போதும்."

"என் பொருள் உங்க வீட்டுல எப்படி இருக்கு தங்கச்சி? எண்ணெய் போடறாரா மாப்ளே?"

"எம்மாடு சாகக் கெடக்குது, நீ எண்ணெய் கேக்கறியா?"

"சரி, ஒண்ணு பண்ணு. மூணு நாளும் டிராக்டரை வெச்சுக்க. சனிக்கிழமை பூரா துப்பாக்கி எனக்கு. சம்மதமா?"

சம்மதம்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்தா இந்த மனுஷன் அடுத்த குண்டைப் போட்டார்.

"மச்சான் சுடட்டும், பரவாயில்லை. ஆனா யார் சுட்டாலும் நான் பக்கத்துலயே நிக்கணும். சட்டம்."

"அப்போ புல்லுக்கட்டை யாருங்க தூக்கறது?"

அவர் என்னைப் பாத்தார். நான் அவரைப் பாத்தேன். பதில் எனக்கே தெரிஞ்சு போச்சு.

வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் அவர் அறுத்து, காயவெச்சு, வாரிப் போட்டார். அதுல குறை சொல்லமாட்டேன். நான் மாட்டு வேலை போக மிச்ச நேரமெல்லாம் தோட்டா நிரப்பினேன். சனிக்கிழமை விடிஞ்சதும் டிராக்டர்ல நான் ஏறி உக்காந்து கட்டு கட்ட ஆரம்பிச்சேன். கொட்டகைக்கு எதிர்ல, மண்ணு சரிவுல ஒரு பழைய வாஷிங் மெஷினை நிறுத்தி வெச்சு எங்க அண்ணன் மொத பெட்டியைச் சுட்டான்.

எங்க ஊர்ல கல்யாணத்துக்குக்கூட ரெண்டு தடவை கூப்பிடணும். மெஷின் கன் சத்தத்துக்குக் கூப்பிடவே வேண்டாம். அரை மணி நேரத்துல மடக்கு நாற்காலி, உருளைக்கிழங்கு சாலட், ஜாடி ஜாடியா இனிப்பு டீயோட அக்கம்பக்கமெல்லாம் வந்து எறங்கிடுச்சு. பாஸ்டர் டாக்கெட்கூட டை கட்டிக்கிட்டு வந்து நின்னார்.

"சத்தம் கேட்டுச்சு சிஸ்டர் வெர்னா. யாருக்காவது ஜெபம் தேவைப்படுமோன்னு வந்தேன்"னார். கையில பாத்தா காதை மூடற கவசம்!

ஆம்பளைங்க வரிசையில நின்னாங்க. பொதுவா சுட வர்றவன் தோட்டா கொண்டாரணும், தானே நிரப்பிக்கணும், அதுதான் எங்க பக்கத்து மரியாதை. இவனுங்க வாயை மட்டும் கொண்டு வந்திருந்தானுங்க. சுடறது ஒண்ணரை நொடி, அதைப் பத்திப் பேசறது அரை மணி நேரம். நான் ஒத்தை ஆளா கட்டைத் தூக்கி வண்டியில போட்டு, கொட்டகையில எறக்கி, திரும்பிப் போய்த் தூக்கி... முதுகு விட்டுப் போச்சு. மத்தியானம் நிமிந்து பாத்தா வயல்ல பாதிக்கு மேல அப்படியே கெடக்கு. மேற்கால வானம் கருத்துக்கிட்டு வருது. என் மாட்டையெல்லாம் லாரியில ஏத்திப் போற மாதிரி கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. அழுகை வந்துச்சு. அழுதா கட்டு நனையும்னு கோவப்பட்டுட்டேன்.

டிராக்டரை ஓட்டிக்கிட்டு நேரா வரிசைக்கு முன்னாடி போய் நிறுத்தினேன். நிரப்பி வெச்ச பெட்டியெல்லாம் கெடந்த பையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன்.

"என்ன தங்கச்சி இது?"ன்னான் அண்ணன்.

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். "இதை நிரப்பினது யாரு? இந்த விரல். இனிமே எவனுக்குச் சுடணுமோ அவன் ஒரு வண்டி புல்லை ஏத்தி எறக்கிட்டு வரட்டும். ஒரு வண்டிக்கு ஒரு பெட்டி. இஷ்டம் இல்லாதவன் சாலட்டைத் தின்னுட்டு நடையைக் கட்டலாம்."

எங்க வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வந்தார், நான் ஒரு பார்வை பாத்தேன், வாயை மூடிக்கிட்டார். அப்புறம் பாஸ்டர் மெதுவா டையைக் கழட்டிச் சட்டைப் பையில வெச்சார்.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும் சிஸ்டர்?"

அப்பா, என்னா வேகம்! ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி கட்டைத் தூக்கிட்டு ஓடினானுங்க. இடுப்பு வலின்னு பொண்டாட்டிக்கு ஒரு வாளி தண்ணி எடுத்துத் தராதவன்லாம் தோளுக்கு ஒரு கட்டு சுமந்தான். "நீ ஏத்தினது சின்ன வண்டி", "போடா, உன் கட்டுல பாதி காத்து"ன்னு சண்டை வேற. பாஸ்டர் ரெண்டு வண்டி எறக்கி ரெண்டு பெட்டி சுட்டார். சுட்டுட்டு ஒவ்வொரு தடவையும் ஸ்தோத்திரம் சொன்னார்.

எங்க வீட்டுக்காரர் மட்டும் துப்பாக்கி பக்கத்துலயே காவல் நின்னார். ஒண்ணுக்குப் போக மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கணும்னா அதையும் தூக்கிக்கிட்டுத்தான் போவார், விட்டுட்டுப் போகக்கூடாதாம். வரிசை பூரா அவர் வர்ற வரைக்கும் மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கும்.

கடைசி வண்டியை நானே ஓட்டிக்கிட்டுக் கொட்டகைக்குள்ள வந்தேன். பின் சக்கரம் உள்ள நுழைஞ்சதும் தகரத்து மேல பட பட பட்டுன்னு மழை. ஒரு கட்டு நனையலை! நான் டிராக்டர்லயே உக்காந்து சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்.

எல்லாரும் கொட்டகைக்குள்ள ஒதுங்கினாங்க. அண்ணன் வந்து ஹோபர்ட் தோள்ல கை போட்டான்.

"மாப்ளே, என்னால முடியலை. அது இல்லாம வீட்டுல இருப்பே கொள்ளலை. டிராக்டரை எடுத்துக்க, துப்பாக்கியைத் திருப்பிக் குடுத்துடு. மறுபடியும் மனு எழுதிப் போடுவோம்."

ஹோபர்ட் என்னைப் பாத்தார். அடுக்கி வெச்ச புல்லைப் பாத்தார். அப்புறம் தன் செருப்பைப் பாத்தார்.

"சரி மச்சான். அவளுக்கு மாடுதான் முக்கியம். எடுத்துக்க."

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. காலையில இருந்து இந்த மனுஷன் ஒரு தோட்டாகூடச் சுடலை. ஒவ்வொரு தடவை கையில எடுக்கறப்பவும் வேர்வையோட ஒருத்தன் வந்து நிப்பான், இவர் குடுத்துடுவார். இத்தனை நாள் வெச்சிருந்த கோவம் எங்க போச்சுன்னே தெரியலை.

"யாரைக் கேட்டு ரெண்டு பேரும் பேசறீங்க?"ன்னேன். "அண்ணே, டிராக்டர் உன்கிட்டயே இருக்கட்டும். வருஷா வருஷம் ஜூன்ல மூணு நாள் அது இங்க வரணும். நீயும் வந்து சுட்டுட்டுப் போ. டீசல் உன்னது."

"டீசலுமா?"

"டீசலும்தான். டிராக்டர் புல்லைத்தான் அறுக்கும். இத்தனை தடியனுங்களை வேலை வாங்குமா?"

கடைசி வண்டி நான் கொண்டு வந்தது. ஒரு வண்டிக்கு ஒரு பெட்டின்னு சொன்னவளும் நான். ஏப்ரன் பையில இருந்த அந்தப் பெட்டியை எடுத்து அவர் கையில வெச்சேன்.

"எனக்கா?"ன்னார்.

"இல்லை, பாஸ்டருக்கு. போங்களேன்!"

கொட்டற மழையில எறங்கிப் போய் வாஷிங் மெஷினுக்கு நேரா நின்னார். சர்ர்ர்ருனு ஒண்ணரை நொடி. கதவு பிச்சுக்கிட்டுப் போய் ஓடையில விழுந்துச்சு. திரும்பி என்னைப் பாத்தார் பாருங்க, முடியெல்லாம் நெத்தியில ஒட்டி, பல்லெல்லாம் தெரிய, பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின பையனாட்டம். கட்டிக்கிட்டு இத்தனை வருஷத்துல அந்த மூஞ்சியை நான் பாத்ததே இல்லை.

"இன்னொரு தடவை சுடுங்க!"ன்னு கத்தினேன்.

"தோட்டா தீந்து போச்சுடி!"

"அப்போ திங்கக்கிழமை போய் வாங்கிட்டு வாங்க!"

கொட்டகையே திரும்பி யார் அதுன்னு பாத்துச்சு. சொன்னது நானேதான்.