தூங்கும் வாத்தின் கண்

ஒரு மணி நேரம் நாற்பது நிமிடமாக அந்தப் பறவை தலையை வெளியே எடுக்கவில்லை. அலகை இறக்கைக்குள் செருகிக்கொண்டு, ஏரிக்கரைப் பனியில் ஒற்றைக்காலில் தூங்கியது. நான் தொலைநோக்கியை விட்டு நகரவில்லை. விரல்கள் மரத்துப்போயிருந்தன.

அன்று குளிர்காலக் கணக்கெடுப்பு. கரையில் இருந்த முந்நூறு காட்டு வாத்துகளும் பெரிய வெண்ணெற்றி வாத்துகள்தான் என்று எங்கள் குழுத் தலைவரான பல் டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு அந்த ஒன்றின் மேல் மட்டும் சந்தேகம். மற்றவற்றைவிட ஒரு சுற்று சிறியது. மடித்த இறக்கையின் நுனி வாலைத் தாண்டி நீண்டிருந்தது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது வேறு இனம். இந்த ஏரியில் இதுவரை யாரும் பார்க்காத இனம்.

கண்ணைப் பார்க்காமல் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் இல்லை. போன வருடம் நாணல் ஓரத்தில் ஓர் அபூர்வப் பறவையை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். பறவைகளை ஏமாற்றி வரவழைக்க வேட்டைக்காரர் யாரோ மிதக்கவிட்டுப்போன பிளாஸ்டிக் வாத்து அது. அதிலிருந்து குழுவில் என் பெயரே பிளாஸ்டிக்.

“பிளாஸ்டிக், மூச்சு விடுதான்னு முதல்ல பாத்துக்கம்மா,” என்றார் குழுவில் இருந்த மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன்.

“சரி, மூட்டையைக் கட்டுங்க. கிளம்பலாம்,” என்றார் டாக்டர்.

இன்னும் ஐந்து நிமிடம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அதற்குள் கார் கதவு படாரென்று திறந்தது. என்னை அழைத்துப்போக வந்திருந்த அக்கா.

“அடியே! எவ்வளவு நேரம்டி காத்துக் கிடக்கறது? வாத்து மடையன்னு கேள்விப்பட்டிருக்கேன். வாத்து மடச்சிய இன்னிக்குத்தான் பாக்குறேன்!”

முந்நூறு கழுத்தும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

“அம்மா தாயே, மெதுவா!” என்று டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நான் கண்ணை எடுக்கவில்லை. என் வாத்தும் நிமிர்ந்திருந்தது. வெள்ளை நெற்றி உச்சந்தலைவரை ஏறியிருந்தது. கண்ணைச் சுற்றி, தூரிகையால் இழுத்த மாதிரி, மஞ்சள்.

“டாக்டர்.”

குரல் எனக்கே கேட்கவில்லை.

“டாக்டர்! இங்க வாங்க. உடனே.”

அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்ன சார், அசையுதா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

டாக்டர் கையை உயர்த்தி அவரை அடக்கினார். பிறகு நிமிர்ந்தார். அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தன் வாயை மூட மறந்திருந்தார்.

“என்ன எழுதட்டும்?” என்று கணக்கெடுப்பு நோட்டைத் திறந்து என்னைக் கேட்டார்.

“நீங்களே எழுதிடுங்க டாக்டர்.”

“பாத்தவ நீ. நீதான் சொல்லணும். எல்லாருக்கும் கேக்கணும். உங்க அக்கா மாதிரி சொல்லு.”

குளிர்காற்றை நெஞ்சு முட்ட இழுத்துக்கொண்டேன்.

“சின்ன வெண்ணெற்றி வாத்து!” என்று கத்தினேன். “ஒண்ணு!”