கட்டி வைத்த கயிறு

நகக்கண்ணில் இருந்த எண்ணெய் போகவில்லை. ருக்மின் அம்மாவின் விரல்களில் மறுபடி சோப்பைத் தேய்த்தாள்.

காலையில் மாதா கோயில் வாசலில் விழுந்து இறந்தபோது அம்மா பஸ்மத்தியின் கையில் எண்ணெய்க் கிண்ணம் இருந்தது. கத்தோலிக்கர்களுக்குத் தேவமாதா, இந்துக்களுக்குச் சிபாரி மாயி, சிலை ஒன்றுதான். குழந்தைக்கு முதல் முடி இறக்க வரும் இந்துப் பெண்களைப் புனித வெள்ளிதோறும் வரிசையில் நிறுத்தி, மாயியின் பாதத்துக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுப்பாள். முப்பது வருஷம். ஞானஸ்நானம் வாங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். தன் உடல் கோயிலைத் தாண்டும்போது, கத்தோலிக்கர்களுக்கு அடிப்பதுபோலத் தனக்கும் மணி அடிக்க வேண்டும். பாதிரியாரும் மணியடிப்பவரும் சம்மதித்திருந்தார்கள். அடிக்க வைப்பதாக ருக்மின் சத்தியம் செய்திருந்தாள்.

மணியடிக்கும் கத்பர்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி கதவருகே நின்றார்.

"நேத்தே மணிக் கயித்தக் கட்டியாச்சு, பிள்ள. இனிமே நாளைக்கு ராத்திரிதான். ஏசு செத்த நாள்ல மணி கிடையாது."

"வாக்குக் குடுக்கறப்ப தெரியாதா, மாமா?"

"அவளுக்கும்தான் தெரியும். 'நீ முன்னாடி போயிட்டா எனக்கு யாருய்யா அடிப்பா'ன்னு என்னைக் கேலி பண்ணுவா. இந்த நாள நாங்க ரெண்டு பேருமே யோசிக்கல."

ருக்மின் தம்பியைப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கலாமா?"

"ரெண்டு நாள் அம்மாவ மீன் மாதிரி ஐஸ்ல போடணுமா, தீதி? பொழுது சாயறதுக்குள்ளன்னு பண்டிதர் சொல்லிட்டார்." தர்மின் கத்பர்ட் பக்கம் திரும்பினான். "உங்க ஆளா இருந்தா அவுத்திருப்பீங்க."

"போப்பாண்டவர் செத்தாலும் அவுக்க மாட்டோம், தம்பி."

அம்மாவின் தாடையைச் சுற்றிக் கட்டிய துணி தளர்ந்திருந்தது. ருக்மின் அதை இறுக்கினாள்.

"இன்னைக்கே எடுத்துடலாம்," என்றாள்.

நாலு மணிக்கு அம்மாவின் உடலோடு வண்டி கோயில் தெருவுக்குள் நுழைந்தது. வரிசை இன்னும் குறையவில்லை. மொட்டைத் தலைக் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. ருக்மின் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தீதி," என்றான் தர்மின்.

மணிக்கூண்டின் கீழே கத்பர்ட் தனியாக நின்றிருந்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்தார். குதிகால் தரையை விட்டு எழும்பி இறங்கியது. மறுபடி இழுத்தார்.

தர்மின் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை முழுவதும் இறக்கினான்.