முழங்காலுக்குப் பின்னால்

அவள் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். துண்டுகள், மூக்குக்கண்ணாடிக் கூடு, கணவர் கட்டாமல் விட்ட கைக்கடிகாரம் எல்லாம் கையில் பட்டன. வெள்ளைப் பிடி போட்ட சவரக்கத்தி மட்டும் இல்லை. கூடத்தில் அவர் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மருத்துவமனையில் யாரும் மழித்துவிடாததால் முகத்தில் நரைமுடி முளைத்திருந்தது. ஊருக்கெல்லாம் முகம் மழித்த மனிதரை இப்படியே அனுப்பக்கூடாது என்று அவருடைய சவரக்கடைக் கூட்டாளி வெந்நீரோடு காத்துக்கொண்டிருந்தார். தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லாததால் அந்தக் கூட்டாளியை எல்லோரும் சீப்பு என்றே கூப்பிட்டார்கள்.

“அண்ணனோட கத்தியிலயே பண்ணிடலாம் அண்ணி. வீட்ல ஒண்ணு வச்சிருப்பாரே.”

“சாணைக்குக் குடுத்திருக்கேன்னாரு. திரும்பி வரவே இல்ல போல.”

சீப்பு நிமிர்ந்து பார்த்தார். “சாணைக்கா? நாங்க கத்திய வெளிய குடுத்ததே இல்லையே. கடையிலேயே கல்லுல தேச்சு, தோல் வார்ல தீட்டிக்குவோம்.”

சொன்ன பிறகுதான், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தன் பையிலிருந்த கடைக் கத்தியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். வாசலருகே தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் தங்கையின் கை ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தது. அதை அவள் பார்த்தாள்.

அந்தக் கத்தி அவளுக்கென்றே இருந்த கத்தி. அக்கா தங்கை இருவருக்கும் அப்பாவின் வாகு, கால் நிறைய முடி. பள்ளிக்கூடத்தில் கேலி பேசிப் பேசியே இருவரையும் முழங்கால் வரை காலுறை போட வைத்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவள் காலை இழுத்து இழுத்து மூடிக்கொள்வதைக் கவனித்தவர், ஒரு விடுமுறை நாளில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, “கொண்டா காலை” என்றார். கொஞ்சல் குலாவல் என்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதிலிருந்து கடை மூடும் நாளில் சாப்பாடு முடிந்ததும் அவள் கால் அவர் மடியில் இருக்கும். நுரை தடவி, இடது கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை ஏறக்குறையப் படுக்கவைத்து நகர்த்துவார். கணுக்கால் எலும்பு வந்ததும், “மூச்சை விடு” என்பார். கடைசியில் அவளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி முழங்காலுக்குப் பின்னால் மழித்துவிட்டு, கால் முழுக்கப் படிகாரக் கல்லைத் தேய்ப்பார். பின்பக்கம் சில நாள் சுரீரென்று எரியும். அங்கே தோல் மெல்லிசு, எரியத்தான் செய்யும் என்பார். அவளும் சரி என்று விட்டுவிடுவாள்.

எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். தன் காலுக்குத் தானே கத்தி வைக்க முடியாது, கை கோணிக்கொள்ளும், பின்பக்கம் கண்ணுக்கே தெரியாது என்று ஒவ்வொரு முறையும் தட்டிக்கழித்தார். இத்தனைக்கும் அவள், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி அறுக்கிறவள். வைரமுனையை ஒரே இழுப்பாக இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒடித்தால் பிசிறு இருக்காது. பெரிய கண்ணாடி என்றால் கடையில் வேறு யாரையும் முதலாளி தொடவிட மாட்டார். அப்படிப்பட்டவள் வீட்டில் அவர் பேச்சை நம்பினாள். தொழில் தெரிந்தவர் சொல்கிறார், நமக்கென்ன தெரியும் என்று நம்பினாள்.

அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் எல்லாம் நின்றுபோயிற்று. கத்தி சாணையிலிருந்து வரட்டும், பார்க்கலாம் என்றார். விடுமுறை நாளிலும் கடையை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிப் போனார். முடியாத மனிதருக்கு என்ன அப்படி ஒழுங்கு வேண்டியிருக்கிறது என்று அவள் அப்போது அலுத்துக்கொண்டதோடு சரி.

கூடத்தில் சீப்பு மழித்து முடித்தார். மேலுதட்டின் ஓரம், காதடி என்று ஒரு முடி விடாமல் எடுத்தார். துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பையிலிருந்த கடைக் கைக்கண்ணாடியை எடுத்துக் கிடந்தவர் முகத்துக்கு நேரே, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல் காட்டினார். உடனே தான் என்ன செய்கிறோம் என்று உறைத்து, கண்ணாடியைக் கூடத்து அலமாரி மேல் கவிழ்த்துவைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். “எங்கண்ணன் கையில ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்ல” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அவள் தங்கையின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்காகப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள் தங்கை. காலுறை இல்லை. முடியும் இல்லை. முன்னெலும்பு நெடுக மெல்லிய கீறல்கள், ஆறியவையும் ஆறாதவையுமாக இருந்தன. சாணைக்குப் போன கத்தி, விடுமுறையில் திறந்த கடை, தங்கையின் கால் என்று மூன்றையும் கோத்துப்பார்க்க அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. என் மடியிலேயே கைவைத்துவிட்டார்களே என்று நினைத்தாள்.

அதன் பிறகு வண்டி வந்ததும், தூக்கியதும், அடக்கம் முடிந்ததும் ஏதோ அடுத்த வீட்டுக் காரியம் போல நடந்தன. அழுதுவிடு, மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே என்று யார் யாரோ முதுகைத் தடவினார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தங்கையின் கால்தான் கண்ணில் நின்றது.

திரும்பி வந்து, கூட்டம் கலைந்த பிறகு, சமையலறையில் தங்கை அவளுக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

“கத்தி உங்கிட்டதான இருக்கு?”

தங்கை தேநீரை வைத்துவிட்டுத் தன் கைப்பையைத் திறந்து, சின்னத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து மேடைமேல் வைத்தாள். வெள்ளைப் பிடி வெளியே தெரிந்தது.

“நீ நினைக்கிற மாதிரி இல்லக்கா.”

“நான் என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?”

“காலைலேருந்து என் காலையே பார்த்துக்கிட்டிருந்தியே, தெரியாதா?”

தங்கை தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். கை நடுக்கம் வந்த பிறகு மாமாதான் அவளைக் கடைக்கு வரச்சொன்னாராம். எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, தன் காலிலேயே கத்தி பிடித்துப் பழகச் சொன்னாராம். அவர் தொடவில்லை, தள்ளி நின்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். நாளைக்கு நான் இல்லையென்றால் உங்கக்காவுக்கு நீதான் செய்துவிட வேண்டும், அவளிடம் இப்போது சொல்லாதே, நான் போய்விடுவேன் என்று தெரிந்துகொள்வாள் என்றாராம்.

“அக்காவுக்கே சொல்லிக் குடுங்களேன் மாமான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

தங்கை புடவை நுனியை விரலில் சுற்றினாள். “அவளுக்குக் கை நிக்காதுன்னாரு.”

அவள் தன் கையைப் பார்த்தாள். அதில் எடுத்திருந்த தேநீர் ததும்பாமல் இருந்தது.

“நீ என்ன சொன்ன?”

“நான் ஒண்ணும் சொல்லல.”

“நான் என்ன வேல பாக்கறேன்னு உனக்குத் தெரியுமில்ல?”

“தெரியும்க்கா.”

பயந்தது நடக்கவில்லை என்று மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அது நடந்திருந்தால் நாலு பேர் அவள் பக்கம் நின்று நியாயம் பேசியிருப்பார்கள். இதற்கு யாரிடம் போய் நியாயம் கேட்பது? கேட்டுக் கேட்டு அலுத்தவளுக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, கேட்காதவளைக் கூப்பிட்டுக் கற்றுக்கொடுத்திருக்கிறார். போகும்போது வீட்டுச் சாவியை ஒப்படைப்பதுபோல் அவள் காலை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருப்பார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

கத்தியை எடுத்துக்கொண்டாள். போகிற வழியில் அலமாரிமேல் கவிழ்ந்துகிடந்த கைக்கண்ணாடியையும் எடுத்தாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் அவரவர் பிடரியைக் காட்டிய கண்ணாடி. இது இத்தனை காலமும் அவர் கையில்தானே இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“குடுக்கா, நான் பண்ணிவிடறேன். உனக்குப் பழக்கமில்ல” என்று தங்கை எழுந்து வந்தாள்.

“வேண்டாம்.”

குளியலறைக் கதவைச் சாத்தினாள். முக்காலி அங்கேயே இருந்தது. அவர் இடத்தில் உட்கார்ந்து, காலை வாளி விளிம்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நுரை தடவினாள். தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியைப் படுக்கவைத்தாள். முதல் இழுப்பு, கண்ணாடியில் கோடு இழுப்பதைவிடச் சுலபமாக இருந்தது. கை கோணவில்லை. கணுக்கால் எலும்பு வந்தபோது மூச்சு தானாகவே வெளியே வந்தது. சோப்புநுரை விலகிய இடத்தில் கால் வழுவழுவென்று தெரிந்தது. இவ்வளவுதானா, இதற்குத்தானா என்று வாய்விட்டே சொன்னாள்.

பின்பக்கம் பாக்கி. எழுந்து நின்று, முக்காலிமேல் கைக்கண்ணாடியைச் சுவரோடு சாய்த்துவைத்துவிட்டு, திரும்பிக் குனிந்து பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் இருப்பதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. கால் நேராக நின்றதும் அங்கே தோல் தானாகவே இழுத்துக்கொண்டது. மடிப்பின் குறுக்கே நகக்கீற்று அளவில் வெள்ளைத் தழும்புகள் இருந்தன. சில நன்றாக வெளுத்துப் போனவை, கை நடுக்கம் வருவதற்கு வெகுகாலம் முன்பே விழுந்தவை. அவள் விரலால் தடவிப்பார்த்தாள். மேடாக இருந்தன.

அங்கே தோல் மெல்லிசு, எரியத்தான் செய்யும்.

கதவுக்கு வெளியே தங்கையின் குரல் கேட்டது. “அக்கா, சத்தத்தையே காணோமே. வெட்டிக்கிட்டியா?”

“நான் வெட்டிக்கல.”

தழும்புகளின் மேல் நுரை தடவி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கத்தியை மெதுவாக இறக்கினாள். குவளைத் தண்ணீரில் கத்தியை அலசினாள். முடியும் நுரையும் மிதந்தன, தண்ணீர் வெள்ளையாகவே இருந்தது. மாடத்தில் படிகாரக் கல் தேவைப்படாமல் உலர்ந்து கிடந்தது.