மழை வராமலிருக்க முட்டை

மாட்ரிட் கம்பெனி ஒன்று வாங்கியதில், புனித கிளாரா மடம் ஹோட்டலாகிப் பல வருஷமாயிற்று. கடைசி நான்கு கன்னியாஸ்திரீகளும் வேறு ஊர் மடத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் வில்யமோரா ஊர்க்காரர்களுக்கு அது மண்டையில் ஏறினால்தானே? கல்யாணத்தன்று மழை வரக் கூடாதென்றால் புனித கிளாராவுக்கு முட்டை காணிக்கை கொடுக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மடத்தில் கொடுத்துப் பழகிய கை, இப்போது ஹோட்டல் வரவேற்பு மேசையில் கூடையை வைத்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவள் கசில்தா. "சிஸ்டருங்ககிட்ட சேத்துடுறேன், கவலப்படாமப் போங்க" என்று வாங்கிக்கொள்வாள். சேர்வதென்னவோ சமையலறைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை புட்டிங் அமோகமாக இருக்கும். ஒரு கல்யாணத்தில் மழை கொட்டித் தீர்த்தபோது பெண்ணின் தாய் வந்து, "முட்டைய லேட்டாக் குடுத்துத் தொலச்சியா?" என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். பாவம், கசில்தா என்ன சொல்வாள்?

இப்போது அவளுக்கே கல்யாணம். ஐம்பத்தொரு வயதில், முதல் கல்யாணம். மாப்பிள்ளை லியாந்த்ரோ பஸ் ஓட்டுகிறவன், மனைவியை இழந்தவன், தங்கமான மனுஷன். விருந்து மடத்தின் திறந்த முற்றத்தில். நாள் நெருங்க நெருங்க அவளுக்குப் பயம் வந்தது. தனியாகவே இருந்து பழகியவள், செத்துப்போனவளின் சமையலறையில் போய் நிற்க வேண்டுமே. "மழ வந்தா கல்யாணத்தத் தள்ளி வெச்சுக்கலாம்" என்று முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள். பிறகு தினமும் சொன்னாள். கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் வானம் கறுத்தபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

அந்நேரம் பார்த்து லியாந்த்ரோ உள்ளே வந்தான். கையில் ஒரு கூடை முட்டை.

"நாளைக்குக் கல்யாணம். மழ வரக் கூடாது. சிஸ்டருங்ககிட்ட சேத்துடும்மா."

"எந்த சிஸ்டர்கிட்ட? வாரா வாரம் புட்டிங்க வழிச்சு வழிச்சுத் தின்னவனுக்குத் தெரியாதாக்கும்."

"தெரியும். முட்ட வாங்கின அன்னைக்கெல்லாம் வேல முடிஞ்சதும் நீ கோயிலுக்குள்ள போய் முணுமுணுக்கறதும் தெரியும். வெளிய பஸ்ஸுல உக்காந்து ஜன்னல் வழியாப் பாத்துட்டுதான இருக்கேன்."

கசில்தாவுக்கு முகம் சிவந்துவிட்டது. சும்மா வாங்கி வைத்துக்கொள்ள மனசு கேட்காமல் செய்தது அது. ஒருத்தருக்கும் தெரியாதென்று நினைத்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் வேண்டிக்கிட்ட. நமக்கும் வேண்டிக்க."

"என்னால முடியாது." கூடையை அவன் பக்கமே தள்ளினாள். "மழ வரட்டும்னுதான் இருக்கு எனக்கு."

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மடத்துக் கோயிலுக்குப் போனான். அங்கே இப்போது காலைச் சாப்பாட்டு மேசைகள். மனைவியை அடக்கம் செய்தபின் எந்தக் கோயில் படியும் மிதிக்காத மனுஷன், இரண்டு மேசைகளுக்கு நடுவே சிரமப்பட்டு மண்டியிட்டான். பின்னாலேயே போன கசில்தா வாசலில் நின்றாள்.

"தாயே கிளாரா, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. மழ பேஞ்சா பேஞ்சிட்டுப் போவட்டும். இவ மட்டும் வந்துரணும்."

வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. கசில்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரி, முட்டி போயிடப் போவுது. நாளைக்குக் குடையோட வந்துடறேன்."